குறுகுறுக்காத நெஞ்சு

எனக்குக் கோபம் வரும். வேறு யாராவது வந்து சொல்லுமுன் நானே சொல்லிவிடுகிறேன். ரேஷன் கடையில் வரிசையைத் தாண்டி ஒருத்தி நுழைந்தால் கத்துவேன். பஸ்ஸில் கண்டக்டர் மீதியைத் தர மறந்தால், அவர் மறக்கவில்லை என்று பஸ் முழுக்கக் கேட்கும்படி சொல்வேன். என் சத்தம் கேட்டால் லயத்துக் கோழிகள்கூட ஒதுங்கிப் போகும் என்று என் வீட்டுக்காரர் கேலி செய்வார். கோபம் இருக்கிற இடத்தில் குணம் இருக்கும் என்று ஒரு சொலவடை உண்டு. எங்கள் பக்கம் அதை ஆம்பளைகளுக்கு மட்டும்தான் சொல்வார்கள். பொம்பளை கத்தினால் அவளுக்கு வாய் நீளம், அவ்வளவுதான்.

எனக்கு நேர் எதிர் அக்கா. கூடப் பிறந்தவள் இல்லை. எங்கள் எஸ்டேட் லயத்தில், கூலிக்காரர்களுக்கு ஒட்டி ஒட்டிக் கட்டிய வரிசை வீடுகளில், கடைசி வீட்டில் இருக்கிறவள். என்னைவிட நாலைந்து வயது மூத்தவள் என்பதால் அக்கா. அவள் சத்தமாகப் பேசி யாரும் கேட்டதில்லை. பேசும்போது எதிரில் இருப்பவர் கையைப் பிடித்துக்கொள்வாள். போன தடவை நாம் சொன்ன வலியை ஞாபகம் வைத்திருந்து இந்தத் தடவை கேட்பாள். யார் வீட்டில் சாவு விழுந்தாலும் முதலில் போய், குளிப்பாட்டத் தண்ணீர் சுட வைக்கிறவள் அவள்தான். கட்டப்பனை ஆஸ்பத்திரியில் யாருக்காவது துணை வேண்டுமென்றால் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவாள். 'அவ இருக்கிற எடத்துல கெட்டது நடக்காது' என்பார்கள். நானும் சொல்லியிருக்கிறேன்.

கேரளத்து இடுக்கி மலையில் இருக்கிற எங்கள் சக்குபள்ளத்தில் எஸ்டேட் வேலை என்பது பெரும்பாலும் ஏலக்காய் எடுப்பதுதான். செடியின் அடியில் குத்துக்கால் போட்டு உட்கார்ந்து, தரையோடு படர்ந்த சரத்திலிருந்து முற்றிய காயை மட்டும் கிள்ளி இடுப்புச் சாக்கில் போட வேண்டும். அந்த வேலை போக மிச்ச நேரத்துக்கென்று லயத்துப் பெண்கள் சேர்ந்து ஒரு குழு வைத்திருந்தோம். பக்கத்தில் கொஞ்சம் நிலத்தைப் பாட்டத்துக்கு, அதாவது குத்தகைக்கு எடுத்து நாங்களே ஏலச்செடி வைத்தோம். மூன்று வருஷம் புல் பிடுங்கி, நிழல் மரங்களைக் கவாத்து செய்து, மருந்தடித்து, ஒரு வருஷம் நல்ல காய் கண்டது. அதை ஸ்டோரில் காய வைத்து வாங்கினோம். காயைச் சூடு காட்டி உலர்த்துகிற கட்டடத்துக்கு எங்கள் பக்கம் ஸ்டோர் என்றுதான் பெயர். காய்ந்த காயின் பச்சை மங்காமல் இருக்க, கறுப்பு பாலித்தீன் உறை போட்ட சாக்குகளில் கட்டி, விலை ஏறட்டும் என்று ஓர் அறையில் வைத்துப் பூட்டினோம்.

சாவி என்னிடம் இருக்கட்டும் என்று எல்லோரும் சேர்ந்து முடிவு செய்தார்கள். காரணத்தையும் முகத்துக்கு நேராகவே சொன்னார்கள். "இவகிட்ட இருந்தா ஒருத்தியும் கேக்க மாட்டா. கேட்டா கடிச்சு வச்சிருவா." எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். சமையல்கட்டில் சாமி படத்துக்குப் பக்கத்து ஆணியில் சாவியை மாட்டி வைத்தேன். அதற்குப் பிறகும் கூலிக் கணக்கில் அவர்களோடு எனக்குச் சண்டை ஓயவில்லை.

அந்தச் சித்திரையில் எனக்கு டெங்கு வந்தது. எலும்பு எலும்பாகக் கழற்றிப் போட்டாற்போல ஒரு வலி. என் வீட்டுக்காரருக்கு எஸ்டேட்டில் மருந்தடிக்கிற வேலை. காலையில் போனால் சாயங்காலம்தான் வருவார். பகலெல்லாம் என்னைப் பார்த்துக்கொண்டவள் அக்கா. கஞ்சி வைத்துக் கொடுத்தாள், வாந்தி எடுத்ததைத் துடைத்தாள், ஈரத்துணியால் உடம்பைத் துடைத்துவிட்டு, தலையைப் பிடித்துவிட்டாள். நான் எழுந்து உட்கார்ந்ததும், பெற்ற தாய்கூட இப்படிப் பார்க்க மாட்டாள் என்று அழுதேன். "கிறுக்கு, ஒனக்குச் செய்யாம யாருக்குச் செய்யப் போறேன்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

விலை ஏறியபோது வியாபாரி ஒருவரை அழைத்து வந்தோம். மூட்டையின் வாயைத் திறந்து பார்த்தவருக்குத் திருப்திதான். ஆனால் தொழில் தெரிந்தவர், கையை முழங்கை வரை உள்ளே விட்டு அடியிலிருந்து அள்ளினார். வந்ததெல்லாம் பொக்கு. சுருங்கியது, வெடித்தது, விதையில்லாத தோல். மேலே ஒரு சாண் நல்ல காய், கீழே குப்பை. அடுத்த மூட்டையும் அப்படித்தான், அதற்கடுத்ததும் அப்படித்தான். பூட்டு உடையவில்லை, ஜன்னல் பெயரவில்லை. வியாபாரி கையைத் தட்டிவிட்டு, "வேற ஆளப் பாருங்கம்மா" என்று ஜீப்பில் ஏறிப் போய்விட்டார். எல்லோரும் மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார்கள்.

நான் என்ன செய்திருப்பேன் என்று சொல்ல வேண்டியதில்லை. கத்தினேன். "என்னத்துக்குடி என்னையப் பாக்குறீக?" என்று ஆரம்பித்து ஒருத்தியையும் விடவில்லை. விஷயம் கேள்விப்பட்டு வந்திருந்த பஞ்சாயத்து மெம்பர், மலையாளத்துக்காரி, நல்ல மாதிரி மனுஷி, பக்கத்தில் இருந்தவளிடம் மெதுவாகக் கேட்டாள்: "ஈ சேச்சிக்கு எந்தினா இத்ர தேஷ்யம்?" இவளுக்கு எதற்கு இவ்வளவு கோபம் என்று. நியாயமான கேள்விதான். மூன்று வருஷம் முதுகு ஒடிய வேலை பார்த்தது குப்பையாகிக் கிடந்தால் கோபம் வராமல் என்ன வரும்? அந்தப் பதிலைச் சொல்ல எனக்கு அப்போது வாய் வரவில்லை. மற்றதெல்லாம் வந்தது.

போலீசுக்குப் போனால் குழுவின் பெயர் கெடும், பாட்டம் போய்விடும் என்று பயந்தார்கள். எங்களுக்குள்ளேயே தீர்த்துக்கொள்ளலாம் என்றார்கள். எஸ்டேட் மாரியம்மன் கோயிலில் சூடம் அணைத்துச் சத்தியம் செய்வது என்று முடிவானது. லயத்தில் களவு போனால் காலங்காலமாக இதுதான் வழக்கம். தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு ஈரச்சேலையோடு வர வேண்டும். தட்டில் எரிகிற சூடத்தின் முன் 'நான் எடுக்கவில்லை' என்று சொல்லி, உள்ளங்கையால் அடித்து அணைக்க வேண்டும். எடுத்தவளுக்குக் கை நடுங்கும், நாக்கு குழறும், ஆத்தா காட்டிக் கொடுத்துவிடுவாள். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பதுதான் எங்கள் மொத்தச் சட்டமும்.

இந்தச் சட்டத்தில் இருக்கிற ஓட்டையை அப்போது நானும் யோசிக்கவில்லை. குறுகுறுக்காத நெஞ்சு என்று ஒன்று இருந்தால்? பொய் சொல்லும்போது வேர்க்காத, கை நடுங்காத, அன்று மத்தியானம் நிம்மதியாகத் தூங்குகிற உடம்பு ஒன்று இருந்தால்? அப்படிப்பட்டவளிடம் இந்தச் சூடம் என்ன செய்துவிடும்? பயந்தவளைத்தான் அது பிடிக்கும். பயந்தவள் எல்லாம் திருடியும் இல்லை.

வெள்ளிக்கிழமை காலை அக்கா என் வீட்டுக்கு வந்தாள். நான் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு ஈரத்தோடு நின்றேன். என் கையைப் பிடித்துக்கொண்டு, சொல்லவா வேண்டாமா என்று தயங்குகிறவள்போல நின்றாள்.

"என்னக்கா?"

"ஒங்கிட்டச் சொல்லாம இருக்க மனசு கேக்கல தாயி. இந்த ஏற்பாடே ஒன்னைய வச்சுத்தான். ஒன்னைய மட்டும் கூப்பிட்டா சண்ட வரும்னு எல்லாரையும் கூப்பிடுறாளுக. மத்தவளுகள்லாம் சும்மா ஒப்புக்குத்தான் கைய வைக்கிறது. எனக்கே வயிறு எரியுது. ஒன் எடத்துல நானா இருந்தா சத்தியம் பண்ண மாட்டேன். மானம் ரோசம் உள்ளவ பண்ணுவாளா?"

சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கோயிலுக்குப் போகிற வழியெல்லாம் அந்த வார்த்தை எனக்குள் கொதித்துக்கொண்டே வந்தது. ஒப்புக்கு நிற்கிறார்களாம், என்னை நிறுத்தத்தான் எல்லாருமாம்.

கோயிலில் அக்காவே முதலில் போனாள். ஈரச்சேலை, நெற்றியில் திருநீறு. "ஆத்தா, நான் எடுக்கல" என்று சொல்லி, பூவைத் தொடுகிற பக்குவத்தில் கையை வைத்து அணைத்தாள். கண்கூட இமைக்கவில்லை. சிலருக்கு அழுகையே வந்துவிட்டது. பிறகு ஒவ்வொருத்தியாகப் போனார்கள். நடுங்கியவர்கள் இருந்தார்கள். உளறியவள் ஒருத்தி இருந்தாள். அவளுக்குச் சும்மா சாமி பயம்.

என் முறை வந்தபோது நான் கையை நீட்டவில்லை. "ஒங்க ஒப்புக்கு நான் ஆளில்லடி. யாருக்கு முன்னாலயும் நான் யோக்கியம்னு நிரூபிக்க வேண்டிய அவசியமில்ல" என்று கத்திக்கொண்டே தட்டைத் தட்டிவிட்டேன். சூடம் ஈரத்தரையில் விழுந்து அணைந்தது. பின்னாலிருந்து யாரோ, "ஆத்தா காட்டிட்டா" என்றாள்.

அன்றோடு எனக்குப் பெயர் விழுந்துவிட்டது. நேரே சொல்ல பயம், முதுகுக்குப் பின்னால் கள்ளி என்றார்கள். குழுவின் வாட்ஸ்அப்பிலிருந்து என்னை நீக்கினார்கள். சாவியை வந்து வாங்கிக்கொண்டு போனார்கள். குழாயடியில் நான் குடத்தை வைத்தால் பேச்சு நின்றது. காய் எடுக்கிறபோது என் பக்கத்துச் செடியில் உட்காருகிறவள் எழுந்து அடுத்த நிரைக்குப் போனாள். முப்பது வருஷமாக வாழ்கிற இடத்தில், இழவு வீட்டுக்குப் போனாலும் என் கையிலிருந்து ஒருத்தி காப்பி டம்ளர் வாங்க யோசித்தால் அது எப்படி இருக்கும் என்று அனுபவித்தவளுக்குத்தான் தெரியும். எனக்கு வேண்டியதெல்லாம் ஒன்றுதான். நான் திருடியில்லை என்று அவர்கள் வாயால் சொல்ல வேண்டும். அதற்கு என்ன வழி என்றுதான் தெரியவில்லை.

இரண்டு பேர் மட்டும் என் பக்கம் நின்றார்கள். ஒருத்தி அக்கா. வாரத்துக்கு ஒருமுறை குழம்போ பலகாரமோ கொண்டுவந்து தருவாள். "ஊரு என்ன வேணாச் சொல்லட்டும், எனக்குத் தெரியும் நீ எடுக்கலன்னு" என்பாள். இன்னொருவர் என் வீட்டுக்காரர். அவர் அதிகம் பேச மாட்டார். ஆனால் டீக்கடையில் ஒருவன் என்னைப் பற்றிச் சாடை பேசியபோது அவன் சட்டையைப் பிடித்துவிட்டார் என்று கேள்விப்பட்டேன். நான் படுத்து அழுதால், "விடு புள்ள, நான் இருக்கேன்ல" என்பார். உலகத்தில் ஒரு ஆள் நம்பினால் போதும் என்று அப்படியே ஒரு வருஷத்தை ஓட்டினேன்.

லயத்துக்குப் பின்னால் எங்கள் முருங்கை மரத்தில் ஒரு மிளகுக்கொடி ஏற்றியிருந்தோம். அதில் கிடைத்ததைக் காய வைத்து, கம்பம்மெட்டு மலைப்பாதையில் இறங்கி, தமிழ்நாட்டுப் பக்கம் கம்பத்தில் கொடுத்துவிட்டு வரலாம் என்று ஒருநாள் போனேன். எனக்குப் பழக்கமில்லாத ஒரு மலைச்சரக்குக் கடை. கடைக்காரர் வயசுப் பையன் மாதிரி இருந்தார். மிளகைக் கையில் உருட்டிக்கொண்டே எந்த ஊர் என்று கேட்டார். சக்குபள்ளம் என்றேன்.

"சக்குபள்ளமா? அங்கிட்டிருந்து ஒரு அம்மா வருவாகளே, ஏலக்கா கொண்டுக்கிட்டு. போன வருஷம் சித்திரையில அடிக்கடி வந்தாக. இப்பக் காணோம். நல்லா இருக்காகளா?"

"எந்தம்மா?"

"பேரு தெரியாதுக்கா. தங்கமான மனுஷி. நம்ம கையப் பிடிச்சுக்கிட்டுத்தான் பேசுவாக. எங்கம்மாவுக்கு மூட்டுவலின்னு ஒரு தடவ வாய்தவறிச் சொன்னேன், அடுத்த தடவ தைலம் கொண்டாந்துட்டாக. காயும் அப்படித்தான், பச்ச கொஞ்சங்கூட மங்காத காய். கட்டைப்பையில கொஞ்சம் கொஞ்சமாக் கொண்டு வருவாக."

அங்கே கிடந்த ஒரு மூட்டையின் மேலேயே உட்கார்ந்துவிட்டேன். கையைப் பிடிக்கிறவள் ஊரில் ஒருத்திதானா இருப்பாள், வேறு யாராகவும் இருக்கலாம் என்று மனசு என்னென்னமோ சொன்னது. அவர் போனை எடுத்து, "நம்பர்கூட இருக்கு, இருங்க, கேப்போம்" என்று அவராகவே போட்டு, மேஜைமேல் வைத்து ஸ்பீக்கரைத் தட்டினார்.

"தம்பி, நல்லா இருக்கியாய்யா? அம்மாவுக்கு முட்டி தேவலையா?"

எனக்குக் கஞ்சி ஊற்றியபோது பேசிய அதே குரல். நான் அந்தக் கடையில் கத்தவில்லை. சித்திரை முழுக்க நான் பாயில் கிடந்தேன், அவள் என் வீட்டில் இருந்தாள், சாவி ஆணியில் தொங்கியது. என் நெற்றியில் ஈரத்துணியை வைத்துவிட்டு, அந்தச் சாவியை எடுத்திருக்கிறாள்.

மறுநாள் காலை அவள் வீட்டுக்குப் போனேன். பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். கம்பத்துக் கடையைச் சொன்னேன். மறுப்பாள், அழுவாள், காலில் விழுவாள் என்று நினைத்தேன். அவள் கத்தியைக் கீழே வைத்து, "ஒக்காரு" என்றாள்.

"ஏங்க்கா?"

"கெடச்சுச்சு, எடுத்தேன். வேற என்னத்தச் சொல்ல?"

"சாப்பாட்டுக்கு இல்லயா? எங்கிட்டக் கேட்டிருக்கலாமே?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல. பொய் சொல்லி ஒங்கிட்ட என்ன ஆகப் போகுது."

"சத்தியம் பண்ணாதன்னு சொன்னியே, அது?"

"நீ தட்டிவிடுவேன்னு தெரியும் தாயி. ஒன் கொணம் எனக்குத் தெரியாதா? நீ சத்தம் போட்டா எல்லாரும் ஒன்னையத்தான் பாப்பாக. நீ தாங்குவ. எனக்கு அந்தத் தெம்பு இல்ல." பிறகு உண்மையான வருத்தத்தோடு சொன்னாள்: "கஞ்சி ஊத்துனது பொய்யின்னு நெனச்சிராத. ஒனக்குக் காச்ச கொறையணும்னு மெய்யாவே வேண்டிக்கிட்டேன்."

அதுதான் இன்றுவரை என் தொண்டையில் நிற்கிறது. சிரித்துக்கொண்டே கழுத்தறுக்கிறவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேன். அவர்கள் சிரிப்பு பொய் என்று வைத்துக்கொள்ளலாம், வெறுத்துவிட்டுப் போகலாம். இவள் அன்பும் நிஜம், களவும் நிஜம். இரண்டும் ஒரே கையால் செய்தவை. அந்தக் கை ஒருமுறைகூட நடுங்கவில்லை.

நான் கேட்டுக்கொண்டதால் கடைக்காரர் குழுத் தலைவியிடம் போனில் எல்லாவற்றையும் சொன்னார். அக்காவும் மறைக்கவில்லை. கூட்டத்தில் கைகூப்பி நின்று, கண்ணீர் வழிய, மெதுவான குரலில் ஒப்புக்கொண்டாள். பார்த்தவர்கள் உருகிவிட்டார்கள். அடுத்த விளைச்சலில் ஈடுகட்டிவிட வேண்டும் என்று முடிவு செய்து, அவளைக் குழுவிலேயே வைத்துக்கொண்டார்கள். "எவ்வளவு செஞ்சிருக்கா ஊருக்கு. ஏதோ புத்தி தடுமாறிட்டா" என்றார்கள். பிறகு தலைவி என் பக்கம் திரும்பினாள். "நீ எடுக்கல, சரி. ஆனா அன்னைக்கு நீயும் தட்டத் தட்டிவிடாம இருந்திருக்கலாம்ல? நாங்க வேற என்னத்த நெனைக்கிறது?"

ஆக, திருடியவளுக்குப் புத்தி தடுமாற்றம், திருடாதவளுக்குக் குணக்கேடு. சிரிக்கவா அழவா என்று தெரியவில்லை. ஆனாலும் நான் கேட்ட வார்த்தை கிடைத்துவிட்டது. நீ எடுக்கல என்று அவர்கள் வாயால் சொல்லிவிட்டார்கள். அதை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன். என்னை ஒரு வருஷம் தாங்கியவரிடம் முதலில் சொல்ல வேண்டும்.

அவர் வாசலில் உட்கார்ந்து மருந்தடிக்கிற குழாயின் மூக்கைக் கழற்றி ஊதிக்கொண்டிருந்தார். மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னேன். கம்பத்துக் கடை, அக்கா குரல், கூட்டம், எல்லாம். கேட்கக் கேட்க அவர் முகம் தெளிந்தது. நான் அப்படி ஒரு வெளிச்சத்தை அந்த முகத்தில் ரொம்ப நாளாகப் பார்த்ததில்லை.

"அப்ப நெசமாவே நீ எடுக்கலயா?"

எனக்கு முதலில் புரியவில்லை. "என்ன கேக்குறீக?"

"இல்ல புள்ள..." என்று தலையைச் சொறிந்தார். "நீ தட்டத் தட்டிவிட்டதக் கேள்விப்பட்டதும், சரி, இவதான்னு நெனச்சுட்டேன். அதுக்கு முன்னாடி கூலி விஷயமா அவளுகளோட சண்ட போட்டுக்கிட்டு இருந்தீல்ல. கோவத்துல ஏதோ செஞ்சுட்ட, எங்கயோ கொட்டிட்ட போலன்னு நெனச்சேன். கோவத்துல மனுசன் என்னத்தச் செய்ய மாட்டான்? அதுக்காக ஒன்னைய விட்டுக் குடுக்க முடியுமா? எவங்கிட்டயாவது விட்டுக் குடுத்தேனா, சொல்லு?"

விட்டுக் கொடுக்கவில்லைதான். டீக்கடையில் சட்டையைப் பிடித்தார். நான் அழுதபோதெல்லாம் தலையைத் தடவினார். தடவிய ஒவ்வொரு முறையும் திருடி ஒருத்தியின் தலையைத்தான் தடவியிருக்கிறார். அவளை மன்னித்தும் இருக்கிறார். திருடாத நான் ஒரு நாளும் அவருக்குப் பக்கத்தில் இருக்கவே இல்லை.

"இன்னைக்குத்தான் எனக்கு நிம்மதி" என்று எழுந்து கையைக் கழுவினார். "பசிக்குது. சோத்தப் போடு."